கல்லுக்குழிப் பள்ளத்தில் பதினொன்று

சாடிவயல் செக்போஸ்ட்டில் கையெழுத்துப் போட்டு,
யானை போன தடம் ஆறட்டுமென்று அரைமணி நின்று,
கல்லுக்குழிப் பள்ளத்தில் இறங்கும்போது
மணி ஒன்பதே கால்.
வெயில் இன்னும் நீர்மத்திக் கிளையைத் தாண்டவில்லை.
தட்டான்கள் எழவில்லை.

நூறு மீட்டர் நைலான் கயிறு.
அதற்கு இரண்டு மீட்டருக்குள் கண்ணில் படுவது கணக்கு,
அப்பால் பறப்பது கணக்கில்லை.
அரைமணிக்கு ஒருமுறை கீழிருந்து மேலே ஒரு நடை.
வெயிலா மேகமா, தண்ணீர்ச் சூடு எவ்வளவு,
உட்கார்ந்தது, பறந்தது, சோடி சேர்ந்தது, முட்டையிட்டது.
பென்சில்தான். மை கரையும்.

கணவாய்க் காற்றில் ஒற்றை மேகம்
வெள்ளிங்கிரிப் பக்கம் நகர்ந்து வந்தால் போதும்,
பள்ளம் முழுக்க இறங்கி உட்கார்ந்துவிடும்.
பறந்தது என்ற கட்டத்தில் அப்போது
பூஜ்யம் எழுத வேண்டும்.
அத்தனை கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க
பூஜ்யம் எழுத
முதல் மாதம் கை வரவில்லை.

போன வருஷ அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
என் பெயர் இருக்கிறது.
அதற்கு நாலு வரி மேலே:
கல்லுக்குழிப் பள்ளம், புரட்டாசி, நண்பகல் நடை,
பெரிய நீலத் தட்டான், ஆண், பதினொன்று.
பேராசிரியர் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

இந்த வருஷம் குறி போடச் சொன்னார்கள்.
வலையில் விழுந்த முதல் நீலத்தை
நான்கு இறகையும் முதுகுக்கு மேல் சேர்த்து
இரண்டு விரலில் பிடித்தேன்.
கையில் அதன் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது,
கரண்ட் வந்ததும்
மோட்டார் தானாக ஓடத் தொடங்கியதுபோல.
வலது பின்னிறகு நுனியில்
வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு.
விட்டேன்.

பன்னிரண்டு மணி நடை.
பொட்டோடு மேலே போனது.
பொட்டோடு கீழே வந்தது.
வழுக்குப் பாறை முனையில் திரும்பி
என் முழங்காலை உரசிக்கொண்டு மறுபடி மேலே.
வாட்சர் மருதன் கரையில் குந்தியபடி
பீடியைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னான்:
"அதே ஆளுதானுங்க்கா. வேற ஆரும் இல்லீங்."
கயிறு முடிந்த இடத்தில் கூட்டினேன்.
பதினொன்று.
பதினொன்றிலும் பொட்டு.

இதற்கு முன் பல்லடத்து நூல்மில்லில் சைடராக இருந்தேன்.
இரண்டு ரிங் ஃபிரேமுக்கு நடுவே
இழை அறுந்த இடம் தேடி
இரவு முழுக்க மேலும் கீழும்.
தீபாவளிக்கு ஆள் வராத வாரம்
மூன்று பேர் பக்கத்தை நானே நடந்தேன்.
சூப்பர்வைசர் ரிஜிஸ்தரில் ஒன்று என்றுதான் போட்டார்.
அவர் கணக்கில் தப்பில்லை.

சிக்னலுக்காகச் செக்போஸ்ட் வரை ஏறிப் போய்ப் பேசினேன்.
"அப்ப போன வருஷத்துது?"
"அதுவும் ஒன்றாக இருக்கலாம் சார்.
பதினொன்றாகவும் இருக்கலாம்.
தெரியாது."
லைனில் யாரோ டம்ளர் வைக்கும் சத்தம்.
"குறைந்தது ஒன்று என்று எழுதிவிடு"
என்றார்.

எழுதினேன்.
என் பெயருக்கு நாலு வரி மேலே
பத்து நீலத் தட்டான்கள்
சத்தமில்லாமல் காணாமல் போயின.
ஒரு பத்தும் இந்தப் பள்ளத்தில் சாகவில்லை.
பிறக்கவும் இல்லை.

மூன்றே கால் மணிக்கு வெயில் சாய்ந்த நேரம்
பொட்டில்லாத நீலம் ஒன்று
கீழிருந்து வந்தது.
இரண்டும் மோதின,
காய்ந்த சருகை மிதித்த சத்தம்,
சுற்றிச் சுற்றி மேலே ஏறி
கிளைக்கு அப்பால், கயிற்றுக்கு அப்பால்,
கணக்கில்லாத இடத்துக்குப் போயின.

ஒன்று மட்டும் திரும்பியது.
வேகத்தில் இறகு தெரியவில்லை.
"எதுங்க்கா அது?" என்றான் மருதன்.
பென்சில் முனை தாளில் நின்றது.

உட்காரட்டும், என்றேன்.